வாங்காத பட்டமும் போர்த்திய பொன்னாடையும்

ஆண்டு விழாக் காலம் வந்துவிட்டால் கல்லூரி வாசல்களில் பேனர் கட்டப்படுகிறது. ‘எங்கள் கல்லூரியின் பெருமைகள்’ என்று தலைப்பு. அதன் கீழே கோட்டும் டையும் அணிந்த படங்கள். ஒருவர் ஆட்சியர், ஒருவர் நீதிபதி, ஒருவர் வெளிநாட்டில் விஞ்ஞானி. முன்பு நகரத்துப் பெரிய கல்லூரிகளில் மட்டும் இருந்த முன்னாள் மாணவர் சங்கம் இன்று நம் மாவட்டத்து அரசுக் கலைக் கல்லூரிகள் வரை வந்துவிட்டது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் ‘நாக்’ அமைப்பு, முன்னாள் மாணவர்களின் பங்களிப்பையும் ஒரு கூறாக மதிப்பிடுவது இதற்கு ஒரு காரணம். காரணம் எதுவானாலும் படித்த இடத்துக்குத் திரும்பி வருவதும், வந்தவரை மதிப்பதும் நல்ல வழக்கமே. நாம் அதைக் குறை சொல்லவில்லை.

நாம் கேட்பது இரண்டே கேள்விகள். அந்தப் பேனரில் நம் தெருப் பிள்ளைகளின் முகம் எத்தனை? அந்த முகம் படித்த காலத்தில், அதே கல்லூரி அதை எப்படி நடத்தியது? முதல் கேள்வியைச் சிலராவது கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வியைப் பொன்னாடை மூடிவிடுகிறது. அதை விலக்கிப் பார்க்க நமக்கு உதவக்கூடிய ஒரு வாழ்க்கை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கிறது.

முதலிடம் பெற்றவருக்கு எழுத்தர் வேலை

கோட்டயம் பகுதியில் உழவூர் என்ற ஊர். அங்கே ஓலைக் குடிசையில் ஒரு நாட்டு வைத்தியரின் ஏழு பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தவர் கே.ஆர். நாராயணன். தீண்டாமைக்கு உள்ளான குடும்பம். பள்ளிக்கு வயல் வரப்பில் நாள்தோறும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடை. கட்டணம் கட்டாத நாளில் வகுப்புக்குள் இடமில்லை. வெளியே நின்றபடி, உள்ளே நடந்த பாடத்தைக் காதால் வாங்கிக்கொண்டார். புத்தகம் வாங்கக் காசில்லை. ஆஸ்துமாவால் வீட்டோடு இருந்த அண்ணன் நீலகண்டன், பிற மாணவர்களிடம் புத்தகத்தை இரவல் வாங்கி, கையால் நகல் எழுதித் தம்பியிடம் தந்தார். இதை வாசிக்கும் பலருக்கு இது புதிய கதையாக இருக்காது. தங்கை படிக்கட்டும் என்று திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன அக்காவும், தம்பி படிக்கட்டும் என்று செங்கல் சூளைக்குப் போன அண்ணனும் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள்.

கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்து, திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தார் நாராயணன். 1943இல் முதல் வகுப்பில், பல்கலைக்கழகத்திலேயே முதலிடத்தில் தேறினார். அவ்வளவு மதிப்பெண் எடுத்தவர்கள் விரிவுரையாளராகச் சேர்வது வழக்கம். அவரும் அந்த வேலையைக் கேட்டார். கிடைத்த பதில், எழுத்தர் வேலை தரலாம் என்பதுதான். அவர் அதை ஏற்கவில்லை. பட்டமளிப்பு விழாவுக்கும் போகவில்லை, பட்டத்தையும் வாங்கவில்லை.

அந்தச் சமஸ்தானம் எது என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1936ஆம் ஆண்டிலேயே கோயில் நுழைவுப் பிரகடனம் செய்து, நாடெங்கும் பாராட்டுப் பெற்ற திருவிதாங்கூர் அது. அடுத்த ஆண்டு தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் அது. திவான் சி.பி. ராமசாமி ஐயரே அதன் முதல் துணைவேந்தர். சாமி கும்பிட உள்ளே விட்டவர்களுக்கு, சாமிக்கு முன் நிற்பது வேறு, தங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது வேறு என்று தோன்றியிருக்கிறது. கும்பிடுகிறவர் கீழே நிற்கலாம். பாடம் சொல்லித் தருகிறவர் மேடையில் அல்லவா நிற்க வேண்டும்? சிக்கல் அங்கேதான் வந்தது.

அதன் பிறகு நடந்ததை நாடு அறியும். டெல்லிக்கும் பம்பாய்க்கும் போய்ப் பத்திரிகையாளராக இருந்தார். 1945 ஏப்ரலில் காந்தியைப் பேட்டி கண்டார். ஜே.ஆர்.டி. டாடாவின் உதவியால் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்து, ஹெரால்டு லாஸ்கியிடம் படித்தார். 1949இல் இந்திய வெளியுறவுப் பணி. சீனாவிலும் அமெரிக்காவிலும் இந்தியத் தூதர். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 1992இல் குடியரசுத் துணைத் தலைவர். 1997 ஜூலை 25 அன்று குடியரசுத் தலைவர். விரிவுரையாளர் நாற்காலி மறுக்கப்பட்டவர் ஒரு பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தரானார். பிறகு நாட்டின் முதல் குடிமகனானார். அந்தப் பழைய பல்கலைக்கழகம் 1957 முதல் கேரளப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் நடக்கிறது. அதன் முன்னாள் மாணவர் வரிசையில் நாராயணன் பெயருக்கு முதல் இடங்களில் ஒன்று உண்டு.

அந்தப் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1943ஐச் சொல்லாமல் 1997ஐ மட்டும் சொன்னால், அது பாதிக் கதை. பாதிக் கதையைக் கேட்டு வளரும் மாணவன், “உழைத்தால் எல்லாருக்கும் கதவு திறக்கும்” என்று நம்புவான். நாராயணனுக்குக் கதவு திறக்கவில்லை. அவர் வேறு கதவைத் தேடிப் போனார். தேடிப் போகக் கூலிக் காசில்லாத எத்தனையோ நாராயணன்கள் அதே வரப்பில் திரும்பி நடந்திருப்பார்கள். அவர்கள் பெயர் எந்தப் பேனரிலும் வராது.

எட்ட நின்று பார்த்த வேதியியல்

நாராயணனுக்கு முன்பே, எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்தவர் தாட்சாயணி வேலாயுதன். முளவுகாடு தீவில் 1912இல் பிறந்தவர். 1935இல் பி.எஸ்சி. முடித்தார். நாட்டில் பட்டம் பெற்ற முதல் தலித் பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். அந்தப் பட்டம் எப்படி வந்தது? ஆய்வுக்கூடத்தில் சோதனைகளை அவருக்கு அருகில் இருந்து செய்து காட்ட ஆசிரியர் மறுத்தார். எட்ட நின்று பார்த்தே கற்றுக்கொண்டார். அறிவியல் பாடம் படித்த பிள்ளைகளுக்கு இதன் பொருள் புரியும். குடுவையைத் தொடாமல், நிறம் மாறுவதைத் தூரத்தில் இருந்து ஊகித்து, தேர்வில் எழுதித் தேறுவது எளிதல்ல.

அவர் பிறகு சென்னைக்கு வந்து ஆசிரியர் பயிற்சி பெற்றார். 1946இல் சென்னை மாகாணத்தில் இருந்தே அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வானார். அந்தச் சபையில் இருந்த ஒரே தலித் பெண் உறுப்பினர் அவர். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது பிரிவைச் சட்டமாக்கிய சபையில், ஆய்வுக்கூடத்தில் எட்ட நிறுத்தப்பட்ட பெண்ணும் உட்கார்ந்திருந்தார். நம் மாகாணம் அனுப்பிய பிரதிநிதி என்ற முறையில், அவர் பெயர் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நம் கல்லூரிகளின் எத்தனை வேதியியல் துறைச் சுவர்களில் அவர் படம் இருக்கிறது என்று மாணவர்களே பார்த்துச் சொல்லட்டும்.

கொலம்பியாவும் பரோடாவும்

முன்னாள் மாணவர் என்றதும் நாம் முதலில் சொல்லும் பெயர் அண்ணல் அம்பேத்கர். கொலம்பியா பல்கலைக்கழகம் உலகிலேயே முதல் அறிஞர் என்று அவரை அறிவித்ததாக ஒரு செய்தி நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாமல் சுற்றுகிறது. அண்ணலுக்கு அப்படி மிகைப்படுத்திய புகழ் தேவையில்லை. உண்மையே போதும். 1913இல் பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில், மாதம் பதினொன்றரை பவுண்டு கணக்கில், அவர் நியூயார்க் போனார். 1915இல் முதுகலைப் பட்டம். 1916 மே மாதம் மானுடவியல் கருத்தரங்கில் இந்தியாவின் சாதிகள் பற்றிய கட்டுரையை வாசித்தார். 1927இல் முனைவர் பட்டம். இடையில் லண்டனில் 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி. 1952 ஜூன் 5 அன்று கொலம்பியா அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. பல்கலைக்கழகத்தின் 250ஆம் ஆண்டையொட்டி, காலத்தை முந்திய தன் மாணவர்கள் என்று கொலம்பியா தொகுத்த பட்டியலிலும் அவர் பெயர் இருக்கிறது. அங்குள்ள லேமன் நூலகத்தில் அவர் மார்பளவுச் சிலை உண்டு.

இத்தனை படிப்போடு 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. சாதியை மறைத்துப் பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஆட்கள் வந்து வெளியேற்றினார்கள். அதை அவரே எழுதி வைத்திருக்கிறார். படித்து முடித்து நகரத்தில் வாடகை வீடு தேடும் நம் பிள்ளைகளிடம், “எந்த ஊர், எந்தத் தெரு, என்ன ஆளுங்க” என்று வீட்டுக்காரர் கேட்கும்போது, அந்தப் பதினோராம் நாள் இன்னும் முடியவில்லை என்று தெரிகிறது.

ஆனால் அண்ணலை நாம் கொண்டாடுவதற்கு அவர் பெற்ற பட்டங்கள் காரணம் அல்ல. வாங்கியதை அவர் என்ன செய்தார் என்பதே காரணம். ஒரு மன்னரின் உதவித்தொகையில் படித்தவர், வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் 1942இல் இடம் பெற்றதும், பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு அரசே உதவித்தொகை தர வேண்டும் என்று வாதாடினார். 1944இல் அது நடைமுறைக்கு வந்தது. இன்று நம் பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்ததும் விண்ணப்பிக்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1945இல் மக்கள் கல்விக் கழகம் தொடங்கினார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி. 1950இல் ஔரங்காபாத்தில், பிறகு மிலிந்த் கல்லூரி என்று பெயர் பெற்ற கல்லூரி. தாம் ஏறிவந்த ஏணியை மேலே இழுத்துக்கொள்ளாமல், பின்னால் வருகிறவர்களுக்காக இன்னும் நான்கு ஏணிகளைச் சார்த்திவிட்டுப் போனவர் அவர். புகழ்பெற்ற முன்னாள் மாணவர் என்பதற்கு நாம் வைக்கும் அளவுகோல் இதுதான்.

நாற்காலியில் இருந்து நீண்ட கை

நாராயணனையும் இந்த அளவுகோலால் அளக்கலாம். அவர் குடியரசுத் தலைவராக இருந்தபோது, உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதிகளை நியமிக்கும் கோப்பு வந்தது. நாட்டு மக்களில் நான்கில் ஒரு பங்கினரான பட்டியல் சாதியினர், பழங்குடியினரில் தகுதியுள்ளவர்களையும், பெண்களையும் உரிய முறையில் கருத வேண்டும் என்று அவர் குறிப்பு எழுதினார். நாடெங்கும் அது விவாதமானது. தகுதிக்கு ஆபத்து என்று சிலர் குரல் எழுப்பினார்கள். பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்றும் வேலை மறுக்கப்பட்டவரிடமே தகுதி பற்றிப் பாடம் நடத்தினார்கள்.

அதன் பின் 2000 ஜூனில் கே.ஜி. பாலகிருஷ்ணன் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். எர்ணாகுளத்தில் சட்டம் படித்தவர். அதற்கு முன் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். 2007 ஜனவரியில் இந்தியாவின் தலைமை நீதிபதியானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் தலித் அவர். இரண்டாமவராக பி.ஆர். கவாய் 2025 மே மாதம் வந்தார். இடையில் பதினைந்து ஆண்டுகள்.

நம் மாநிலத்துக்கும் இதில் பங்கு உண்டு. உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் தலித் நீதிபதி ஏ. வரதராஜன் தமிழ்நாட்டவர். சென்னை சட்டக் கல்லூரியில் படித்து, முன்சீப்பாகத் தொடங்கி, 1973இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகி, 1980 டிசம்பரில் டெல்லி போனார். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் அந்தக் கதவு திறந்தது. அதே சட்டக் கல்லூரியில் அதற்கும் முன்பே பேராசிரியராக இருந்து பாடம் நடத்தியவர் என். சிவராஜ். 1945இல் சென்னை மேயர். அண்ணலோடு பட்டியல் சாதியினர் கூட்டமைப்பைக் கட்டியவர். திருவனந்தபுரத்தில் தலித் ஒருவர் விரிவுரையாளராக முடியாது என்று மறுத்த காலத்துக்கு முன்பே, சென்னையில் தலித் ஒருவர் சட்டப் பேராசிரியராக இருந்தார். முடியாதது என்று எதுவும் இல்லை. மனம் இல்லை என்பதுதான் உண்மை. இந்த இரு பெயர்களும் நம் பள்ளி மாணவர்களுக்குத் தெரியுமா? கேட்டுப் பாருங்கள்.

விண்ணப்பமும் விதியும்

பழம்பெருமை போதும், இன்றைய நிலை என்ன என்று கேட்பது நியாயம். அன்று ஒரு மன்னரின் தயவில் ஒருவர் போனார். இன்று மத்திய அரசின் தேசிய அயலக உதவித்தொகையில் நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். இது முன்னேற்றம்தான். ஆனால் 2022இல் இந்தத் திட்டத்தின் விதியை மாற்றினார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய படிப்புகளுக்கு இந்த உதவித்தொகை இல்லை என்றார்கள். 1916இல் அண்ணல் வாசித்த கட்டுரையின் பொருள் இந்தியாவின் சாதிகள். அதே பொருளில் ஆராய்ச்சி செய்ய இன்று அவர் விண்ணப்பித்தால், அவர் பெயரைச் சொல்லி நடக்கும் அரசே அவரை நிராகரிக்கும். சிலைக்கு மாலை போடுகிறவர்கள் இந்த விதியைத் திருத்துவதே உண்மையான மரியாதை.

உள்நாட்டிலும் வேலை இருக்கிறது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம் ரூபாய். அண்ணன் தனியார் நிறுவனத்திலும் அப்பா கொத்து வேலையிலும் இருக்கும் வீடு அந்த வரம்பைத் தாண்டிவிடலாம். அதனால் அது பணக்கார வீடு ஆகிவிடாது. தமிழ்நாட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், அண்ணல் அம்பேத்கர் பெயரிலான அயலக உயர்கல்வித் திட்டம் எல்லாம் இருக்கின்றன. நல்ல திட்டங்கள். ஆனால் வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் அலைந்து, கடைசித் தேதிக்கு மறுநாள் போய் நிற்கும் பிள்ளைக்கு எந்தத் திட்டமும் இல்லாததற்குச் சமம். விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். வரவேற்கிறோம். பெயரோடு கழிவறையும், குடிநீரும், படிக்க வெளிச்சமும் மாற வேண்டும்.

இதையெல்லாம் முன்னாள் மாணவர் விழாவோடு ஏன் சேர்த்துப் பேசுகிறோம்? பேனரில் இருக்கும் ஒருவரைக் காட்டி, “பாருங்கள், அவர் வந்துவிட்டாரே, இனி எதற்குச் சலுகை” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே ஆட்களே, “அவர் சலுகையில் வந்தவர்தானே” என்று மறுபுறம் முணுமுணுப்பதும் உண்டு. ஒருவரின் வெற்றியை ஆயிரம் பேருக்கு எதிராகத் திருப்புவதற்குப் பெயர் பாராட்டு அல்ல. 2016 ஜனவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா இறந்தார். அவரும் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர்தான். வாழ்ந்து வென்றவர்களைப் பெருமைப் பட்டியலில் சேர்க்கும் நிறுவனங்கள், இழந்த பிள்ளைகளுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவை.

நாம் கேட்பது என்ன?

கல்லூரிகளுக்கு: விழாவில் போர்த்தும் பொன்னாடையோடு, அந்த மாணவர் எந்த விடுதியில் தங்கி, எந்த உதவித்தொகையில், என்ன தடையைத் தாண்டிப் படித்தார் என்பதையும் மேடையில் சொல்லுங்கள். அவமதிப்பு நடந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். தவறை ஒப்புக்கொள்வதால் எந்தக் கல்லூரியும் சிறுமைப்படாது. பாராட்டப்பட வேண்டியவர் ஆட்சியராகவோ நீதிபதியாகவோதான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தன் தெருவில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய கிராம செவிலியர், பத்தாம் வகுப்பில் தோற்ற பிள்ளைகளைத் திரும்ப உட்கார வைத்துத் தேற வைத்த ஆசிரியர், பட்டா வாங்கித் தர நடையாய் நடந்த வழக்கறிஞர் ஆகியோரும் புகழ்பெற வேண்டிய முன்னாள் மாணவர்களே.

படித்து மேலே போனவர்களுக்கு: ஊருக்கு வராதவர்களை நாம் பழிக்கவில்லை. அடையாளம் தெரிந்தால் வாடகை வீடு போகும், பதவி உயர்வு தள்ளிப்போகும் என்ற அச்சம் பொய்யல்ல என்பதை நாம் அறிவோம். ஆனாலும் ஆண்டுக்கு ஒரு நாள் போதும். நீங்கள் தங்கிய விடுதிக்கு வாருங்கள். மேடை வேண்டாம், மைக் வேண்டாம். பிள்ளைகளோடு ஒரு வேளை சாப்பிட்டு, போட்டித் தேர்வுக்கு எப்படிப் படித்தீர்கள், நேர்காணலில் என்ன கேட்டார்கள் என்று சொல்லுங்கள். நான்கு பிள்ளைகளின் விண்ணப்பத்தைச் சரிபார்த்துக் கொடுங்கள். நீலகண்டன் கையால் எழுதித் தந்த புத்தகத்துக்கு இணையாக இன்று நாம் செய்யக்கூடியது அதுதான்.

மாணவர்களுக்கு: உங்கள் கல்லூரியின் பழைய பதிவேடுகளும் ஆண்டு மலர்களும் நூலகத்தில் தூசி படிந்து கிடக்கும். முதல்வரிடம் அனுமதி வாங்கிப் புரட்டுங்கள். உங்கள் தெருவில் முதலில் பட்டம் பெற்றவர் யார் என்று தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். அவர் எப்படிப் போனார், எங்கே தங்கினார், யார் கட்டணம் கட்டினார் என்று எழுதி வையுங்கள். அண்ணல் எழுதி வைத்ததால்தான் பரோடாவின் பதினோராம் நாள் நமக்குத் தெரியும். எழுதாவிட்டால், வெற்றியை மட்டும் பிறர் எடுத்துக்கொள்வார்கள். பட்ட பாடு காற்றோடு போய்விடும்.

1943இல் ஒரு பட்டமளிப்பு விழாவில் ஓர் இருக்கை காலியாக இருந்தது. பட்டம் பெற வேண்டியவர் வரவில்லை. தன்மானம் பெரிது என்று போய்விட்டார். அந்தக் காலி இருக்கையை நினைவில் வைத்துக்கொண்டு நடத்தும் விழாவுக்கு நம்மையும் அழையுங்கள். முன்வரிசையில் வந்து உட்கார்ந்து கைதட்ட நாம் தயார்.